மாற்றிக்கொண்ட பாஸ்

இது நடந்தது. கட்டிச் சொல்கிற கதை இல்லை. பேய் என்றால் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், வண்டி இனி நடுவில் நிற்காது. யாருக்கு நடந்ததோ அந்த ஞானஜோதிக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அப்பாவிடம் ஒரே ஒரு பொய் சொல்லித் தப்பித்திருப்பாள். இதில் பாதி நடந்தே இருக்காது.

1974, பிப்ரவரி 8, வெள்ளிக்கிழமை. ஜோதிக்கு இருபத்து நான்கு வயது. வீடு தாம்பரத்தில். எழும்பூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்ட். அம்மா இல்லை. அப்பா அசரியா வாத்தியார், சபையில் பெரிய மனுஷர், வீட்டில் அவர் கிழித்ததுதான் கோடு. மாலை 5.52-க்கு எழும்பூரில் ஏறினால் 6.31-க்குத் தாம்பரம். 6.45-க்கு அவள் வாசலில் செருப்பைக் கழற்றவில்லை என்றால் தெருமுனைக்கு வந்து நின்றுவிடுவார். அவளுக்குத் தூரத்துப் பார்வை மங்கல். ஆனால் கண்ணாடி போட்ட பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது என்று அதற்கும் தடை போட்டிருந்தார்.

அன்றைக்கு லேடீஸ் பெட்டியில் மூச்சு விட இடமில்லை. ஜோதி வண்டியின் கடைசிவரை ஓடினாள். அங்கே இன்னொரு லேடீஸ் பெட்டி இருந்தது. பழைய மரப் பெட்டி. இப்படி ஒன்று இந்த வண்டியில் இருப்பதாக அவளுக்குத் தெரியவே தெரியாது. உள்ளே மஞ்சள் பல்பு. காலி சீட்டுகள். ஜன்னலோரம் ஒரே ஒரு பெண்.

"ஏறுங்க, எடுத்துடப் போறான்," என்று அந்தப் பெண் கையை நீட்டினாள்.

அவள் பெயர் ரத்தினபாய். ஜோதியைவிட ஒரு வயது சின்னவள். இரும்புலியூரில் அம்மாவோடு இருந்தாள். எழும்பூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சரியான வாயாடி. கிண்டி வருவதற்குள் ஜோதியின் ஊர், உறவு, சபை எல்லாவற்றையும் கறந்துவிட்டாள். தூரத்தில் இருப்பதைப் பார்க்க ஜோதி கண்ணைச் சுருக்குவதைக் கண்டுபிடித்து, அப்படிச் சுருக்கும்போது இடது கண் மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சுருங்குகிறது என்றும் சொன்னாள். அவ்வளவு உற்று ஜோதியின் முகத்தை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

அந்த மரப் பெட்டி செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வந்தது. மற்ற நாட்களில் தேடினாலும் கிடைக்காது. ஜோதிக்கு வாரம் என்பதே இரண்டு நாளாகச் சுருங்கியது. பல்லாவரத்தில் தோல் பதனிடுகிற ஷாப் நாற்றம் வரும்போது இருவரும் ஒரே கைக்குட்டையில் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பல்லாவரம் தாண்டி 6.22-க்கு விளக்கு அணையும். குரோம்பேட்டை வரை கும்மிருட்டு. மூன்றாம் வாரம் அந்த இருட்டில் ரத்தினாவின் கை ஜோதியின் கையைத் தேடி வந்தது. ஜோதி விலக்கவில்லை. நான்காம் வாரம் தேடிப் போனது ஜோதியின் கை. இதைக் காதல் என்று சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் வேறு பெயர் தெரியவில்லை. ரத்தினா இல்லாமல் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்று மட்டும் தெரிந்தது.

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் உறுத்தின.

நின்றுகொண்டு வருகிற பெண்கள்கூட அந்தக் காலிப் பெட்டியில் ஏறவில்லை. தாம்பரத்தில் இருவரும் ஒரே கதவில்தான் இறங்குவார்கள். பிளாட்பாரத்தில் கால் வைத்துத் திரும்பினால் ரத்தினா இருக்கமாட்டாள். கூட்டத்தில் கலந்துவிட்டாள் என்று ஜோதி சமாதானம் சொல்லிக்கொள்வாள். ஒரு நாள் ஜோதியின் ஃபைலில் 'தமிழ்நாடு அரசு' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்து, "இது எந்த கவர்மென்ட்? நம்மது மெட்ராஸ் ஸ்டேட்தானே?" என்று ரத்தினா கேட்டாள்.

இன்னொன்றும் இருந்தது. தாம்பரத்தில் கடிகாரத்துக்குக் கீழே ஒரு பெஞ்சு. அதில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். கருநீலப் புடவை, நரைத்த தலை, தடித்த கண்ணாடி. ஜோதியின் மங்கல் பார்வைக்கு முகம் தெரியாது. கண்ணாடியில் விளக்கு பளபளப்பது மட்டும் தெரியும். ஜோதி இறங்கியதும் அவள் எழுந்து நிற்பாள்.

பிப்ரவரி 26. அவள் இரண்டடி முன்னால் வந்தாள்.

மார்ச் 5. பத்தடி.

மார்ச் 12, மணி 6.32. பின்னால் மூச்சிரைக்கிற சத்தம்... பிறகு குரல்.

"ஜோதி."

ஜோதி மேம்பாலப் படிகளில் விழுந்தடித்து ஓடினாள். முன்பின் தெரியாத ஒருத்திக்குத் தன் பெயர் எப்படித் தெரியும்?

அடுத்த வெள்ளிக்கிழமை ரத்தினாவிடம் இதைச் சொல்லி அழுதாள். ரத்தினாவுக்குக் கோபம் வந்தது. தானே வந்து அந்தப் பொம்பளையை நாலு கேள்வி கேட்பதாகச் சொன்னாள். ஜோதி அவள் வாயைப் பொத்தினாள்.

"வேண்டாம். அவ மனுஷியே இல்லைன்னு தோணுது. கிட்ட வந்தா பேச்சுக் கொடுக்காதே. திரும்பி வண்டியில ஏறிடு. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

ரத்தினா சத்தியம் செய்தாள்.

அன்றைக்குத்தான் அந்தப் பெட்டிக்கு முதல்முறையாகச் செக்கர் வந்தார். லேடீஸ் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. கூட வருகிறவர்கள் பாஸை எல்லாம் ஒருத்தி வாங்கி, சேர்த்து நீட்டுவாள். ஜோதி இரண்டு பாஸையும் வாங்கினாள். செக்கரின் முகம் தொப்பி நிழலில் தெரியவில்லை. இரண்டையும் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். அவர் போன பிறகுதான் ஜோதி பார்த்தாள்.

அவள் பாஸில் மார்ச் 1974.

ரத்தினாவின் பாஸில் மார்ச் 1963.

இரண்டு பாஸையும் பல்பு வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பிறகு எல்லாம் புரிந்தது. இரண்டு வருஷத்துக்கும் காலண்டர் ஒன்றேதான். கிழமை, தேதி, வரப்போகிற ஈஸ்டர்கூட ஒரே நாள். அதனால்தான் இத்தனை நாளும் பேச்சில் இடிக்கவில்லை. ஜோதி ரத்தினாவின் பாஸைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். குரோம்பேட்டையில் வீடுகளைக் காணோம், வயல் தெரிந்தது. தன் பாஸைப் பிடித்துப் பார்த்தாள். வீடுகள் வந்துவிட்டன. கையில் எந்த வருஷத்துப் பாஸோ அந்த வருஷத்தில்தான் இறங்க முடியும். அவளுடைய பாஸ் ரத்தினாவின் மடியில் சற்றுநேரம் கிடந்தது. ஆனால் ரத்தினா வெளியே பார்க்கவில்லை. ஜோதியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த மாதமே அசரியா வாத்தியார் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தார். மாப்பிள்ளைக்கு ராஞ்சியில் வேலை. ஜோதியை யாரும் கேட்கவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் விவாகம். மார்ச் 24 சபையில் முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தார்கள். "இவ்விருவரும் விவாகத்தில் இணையக்கூடாதபடிக்குத் தடை யாருக்காவது தெரிந்தால் தெரிவிக்கவும்." யாரும் தெரிவிக்கவில்லை. மார்ச் 31 இரண்டாம் ஓலை. ஏப்ரல் 7 குருத்தோலை ஞாயிறன்று மூன்றாம் ஓலை வாசிப்பதாக இருந்தது. அதையும் வாசித்துவிட்டால் முடிந்தது.

இதற்கு நடுவில் வீட்டுக்கு இரண்டு மொட்டைக் கடிதங்கள் வந்தன. கல்யாணத்தைக் கலைக்க எவனோ எழுதுகிறான் என்று அப்பா படிக்காமலே அடுப்பில் போட்டார். ஏப்ரல் 5 வெள்ளிக்கிழமையோடு வேலைக்குப் போவது நின்றுவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். இருந்த ஒரே கதவும் சாத்திக்கொண்டது.

ஏப்ரல் 5, வெள்ளிக்கிழமை. 5.52. ஜோதி மாற்றுப் புடவைகூட எடுத்துக்கொள்ளவில்லை. ரத்தினாவின் வருஷத்துக்குப் போய்விடுவது என்று இருவரும் தீர்மானித்திருந்தார்கள். அங்கே அப்பா அவளைத் தேட முடியாது. அங்கே அவருடைய மகளுக்குப் பதின்மூன்று வயது.

ரத்தினா தன் ஏப்ரல் பாஸை ஜோதியின் கையில் வைத்தாள். "எனக்கெதுக்குப் பாஸ்? நான் அந்த வருஷத்துக்காரிதானே," என்று சிரித்தாள். பிறகு ஜோதியின் பாஸை வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். மோதிரம் மாற்ற வழியில்லாதவர்களுக்கு இதுதான் மோதிரம் என்றாள்.

6.22. விளக்கு அணைந்தது. இருட்டில் ரத்தினா பாதிரியார் குரலில் ஓலை வாசித்தாள்.

"தாம்பரம் ஞானஜோதிக்கும் இரும்புலியூர் ரத்தினபாய்க்கும்... இது முதலும் கடைசியுமான ஓலை. தடை யாருக்காவது தெரிந்தால் தெரிவிக்கவும்."

ஜோதி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவளை முத்தமிட்டாள்.

விளக்கு வந்தது. 6.28. சானடோரியம் ஸ்டேஷன்.

டம்.

ஜன்னல் கம்பியில் ஒரு கை.

டம். டம்.

கருநீலப் புடவை. தடித்த கண்ணாடி. வாய் அசைந்தது. வண்டி இரைச்சலில் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டது.

"மாத்தாதே..."

ரத்தினா அலறினாள். ஜோதி ஷட்டரை இறக்கினாள். கதவு ஆட்டப்படுகிற சத்தம்... அது திறக்கவில்லை.

வண்டி நகர்ந்தது.

"அவதானா?" என்று ரத்தினா கேட்டாள். அவதான், சத்தியத்தை மறக்காதே என்றாள் ஜோதி.

6.31. தாம்பரம். இருவரும் கையைக் கோத்துக்கொண்டார்கள். ஒன்றாகக் காலை வைத்தார்கள்.

ஜோதியின் கை காலியாக இருந்தது.

பிளாட்பாரத்தில் கூட்டம் குறைவு. அதே கடிகாரம். கீழே பெஞ்சில் யாரும் இல்லை. சுவரில் காலண்டர். 1963.

ரத்தினா இல்லை.

ஏழு மணிவரை நின்றாள். எட்டு மணிவரை நின்றாள். பிறகுதான் உறைத்தது. ரத்தினா ரவிக்கையில் செருகிக்கொண்டது 1974-ஆம் வருஷத்துப் பாஸ்.

அதன் பிறகு அந்தப் பெட்டி அவள் கண்ணில் படவே இல்லை. அந்த வருஷத்தில் எல்லா வண்டியுமே பழைய மர வண்டிதான். ஒவ்வொன்றிலும் ஏறிப் பார்த்தாள். எல்லாமே அவளை ஒழுங்காக 1963-இலேயே இறக்கிவிட்டன. இரும்புலியூருக்குப் போனாள். ரத்தினாவின் அம்மா தபீதாள் வாசலில் லாந்தரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜோதி லாந்தர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். உங்கள் மகளின் சிநேகிதி என்று மட்டும் சொல்லி அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். ரத்தினாவின் கண்ணாடிக் கடையிலேயே வேலைக்கும் சேர்ந்தாள். ஒரு கிறிஸ்துமஸ் அன்று கோயிலுக்கு வெளியே நின்று, பாடகர் வரிசையில் பதின்மூன்று வயது ஞானஜோதியைப் பார்த்தாள். பக்கத்தில் அப்பா. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

ரத்தினா வீட்டுக்கு வரவே இல்லை. பதினோரு வருஷமும் வரவில்லை. ஜோதி தினமும் 6.31-க்கு ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். ஒரே ஒரு நம்பிக்கைதான் அவளைப் பிடித்து நிறுத்தியது. பாஸ் சொன்னபடி ரத்தினா 1974, ஏப்ரல் 5-இல்தானே இறங்கியாக வேண்டும். அதுவரை உயிரோடு இருந்தால் போதும். இருபத்து நான்கு வயதில் போனவள் முப்பத்தைந்தாகி நிற்பாள், அவ்வளவுதான். காத்திருந்து காத்திருந்து தலை சீக்கிரமே நரைத்தது.

1973, நவம்பர். மாலை 4.15. தூரப்பார்வை ரொம்ப மோசமாகி, கடையில் புது மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தாள். தடித்த லென்ஸ். கடைச் சுவரில் நிலைக்கண்ணாடி. நிமிர்ந்தாள்.

அதற்குள்ளிருந்து அந்தப் பெண் அவளைப் பார்த்தாள்.

நரைத்த தலை. கடையில் தீபாவளிக்குக் கொடுத்த கருநீலப் புடவை.

ஜோதி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தடுத்துவிடலாம் என்று நினைத்தாள். தன்னைத் தானே தடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? பிப்ரவரி 8-இலிருந்து கடிகாரத்துக்குக் கீழே காத்திருந்தாள். இளையவள் இவளைப் பார்த்து மிரண்டாள். ஒரு நாள் வாய்விட்டுக் கூப்பிட்டாள். இளையவள் ஓடிவிட்டாள். எப்படி ஓடினோம் என்று இவளுக்கு நினைவிருந்தது. எல்லாவற்றையும் விவரமாக எழுதி இரண்டு கடிதம் போட்டாள். அப்பா அவற்றைப் படிக்காமல் அடுப்பில் போடுவார் என்று தெரிந்தும் போட்டாள். வேறு என்ன செய்வது? கடைசியில் அந்தக் கடிதங்களால்தான் இளையவளின் வேலை நிற்க நாள் குறிக்கப்பட்டது. எந்தப் பக்கம் முட்டினாலும் ஏற்கெனவே முட்டிய சுவர்தான்.

ஏப்ரல் 5. சானடோரியத்தில் நின்றாள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்த மரப் பெட்டி கண்ணில் பட்டது. ஜன்னலைத் தட்டினாள். ஷட்டர் இறங்கியது. கதவை ஆட்டிப் பார்த்தாள், திறக்கவில்லை. பக்கத்துப் பெட்டியில் தொற்றிக்கொண்டாள்.

6.31. தாம்பரம்.

மரப் பெட்டியிலிருந்து ரத்தினா இறங்கினாள். அதே இருபத்து மூன்று வயது. ஒரு கை நீட்டியபடி இருந்தது. பக்கத்தில் இருந்த கையைத் தேடிக்கொண்டிருந்தது.

"ரத்தினா."

ரத்தினா திரும்பினாள். கருநீலப் புடவையைப் பார்த்தாள்.

"கிட்ட வராதே."

"நான்தான்..."

ரத்தினா பின்னால் நகர்ந்தாள். ஒரு கால் படியில் ஏறியது.

சத்தியம்.

6.34. காலி வண்டி ஷெட்டுக்குக் கிளம்ப ஹாரன் அடித்தது.

ஜோதிக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. கண்ணாடியைக் கழற்றினாள். மங்கல் வெளிச்சத்தில் ரத்தினா நின்ற திசையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். இடது கண் கொஞ்சம் அதிகமாகச் சுருங்கியிருக்கும்.

வண்டி நகர்ந்தது.

"ஜோதி!"

அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. குரல் நகர்ந்துகொண்டே போனது. "ஜோதி, நீயா... ஜோதி..." ஜன்னல் கம்பிக்கு வெளியே ஏதோ அசைவதுபோல் இருந்தது. கையாக இருக்கலாம். கண்ணாடி இல்லாமல் ஜோதிக்கு அது தெரியவில்லை. குரலைப் பிடித்துக்கொண்டே ஓடினாள். பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

ஷெட்டில் தசரதன் என்ற வாட்ச்மேன் இருந்தார். ஜோதி அவரிடம் மன்றாடினாள். அன்றிரவு வந்த பெட்டிகளை எல்லாம் டார்ச் அடித்துக் காட்டினார். மரப் பெட்டி இல்லை.

"இன்னாம்மா நீ, அந்த மாடலெல்லாம் லைன்ல கரண்டு மாத்தின வருஷமே ஒடச்சுப் போட்டாங்க. ஏழு வருஷமாச்சு," என்றார்.

மறுநாள் காலை ஸ்டேஷன் தூணில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. காணவில்லை. பெயர் ஞானஜோதி, வயது 24. கீழே கல்யாணத்துக்கு எடுத்த போட்டோ. ஒட்டிய பசை இன்னும் காயவில்லை. கையில் மீதி நோட்டீஸ்களோடு அசரியா வாத்தியார் ஒவ்வொருவரிடமாக வந்துகொண்டிருந்தார். ஒரே ராத்திரியில் கிழவராகியிருந்தார். ஜோதி உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு வந்தார்.

"அம்மா, இந்தப் பொண்ணை எங்கேயாவது பார்த்தீங்களா?"

ஜோதி போட்டோவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவரும் அவள் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எங்க அக்கா ஜாடை இருக்கு," என்றார்.

பார்க்கவில்லை என்று ஜோதி சொன்னாள். அவள் சொன்ன முதல் பொய் அது. அவர் கும்பிட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

இதோடு முடிந்திருந்தால்கூட அவள் எப்படியோ தேறியிருப்பாள். ஆனால் ஒரு கணக்கு அவளை விடவில்லை. அந்தப் பெட்டி ரத்தினாவைப் பின்னால் கொண்டுபோயிருந்தால், போன பதினோரு வருஷத்தில் ஏதாவது ஒரு மாலை 6.31-க்கு அவள் இறங்கியிருக்க வேண்டும். ஜோதி ஒரு நாள் தவறாமல் பார்த்திருக்கிறாள். இறங்கவில்லை. அப்படியானால் இறங்கப்போவது இனிமேல்தான். எந்த வருஷத்தில் என்று அந்த ஏப்ரல் பாஸுக்குத் தெரியாது. அது காலாவதியாகிவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து, படுக்கையில் விழுந்த தபீதாளைப் பார்த்துக்கொள்ள வந்த கன்னியம்மா ஒன்று சொன்னாள். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ரயில்வே கேட்டைக் கடக்கும்போது, போகிற வண்டியின் கடைசியில் மஞ்சள் விளக்கு போட்ட ஒரு மரப் பெட்டி தெரிகிறதாம். உள்ளே ஒரே ஒரு சின்னப் பெண். கதவில் நின்றுகொண்டு, கேட்டில் காத்து நிற்கிற பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாளாம். இறங்கப் பயப்படுகிறவள் மாதிரி இருக்கிறதாம்.

ஜோதி இப்போது பிளாட்பாரத்தில் கண்ணாடி போடுவதில்லை. வண்டி வரும் திசையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப் பாஸ் எடுக்கிறாள், இரண்டாக.